பாராசாரி என்ன சாப்பிட்டது?

செஞ்சி தேசிங்கு ராஜாவைப் பற்றி நமக்கு எல்லாமே தெரியும். 22 வயசு. அரும்பு மீசை. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பம் கேட்டதும், ‘முடியாது, போய்யா’ என்று சொல்லிவிட்டு 1714-ம் வருஷம் அக்டோபர் 3-ம் தேதி போருக்குப் போய் உயிரை விட்ட ராஜபுத்திரப் பிள்ளை. கதைப் பாட்டில் கேட்டோம். தெருக்கூத்தில் பார்த்தோம். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்தே காட்டிவிட்டார். அவர் குதிரை பேர்கூட நமக்கு அத்துப்படி. ராஜாவுடையது பாராசாரி. கூடவே போய்ச் செத்த நண்பன் மகபத்கான் ஏறினது நீலவேணி.

எல்லாம் சரி. 300 வருஷமாகப் பாடுகிறோமே... பாராசாரி என்ன சாப்பிட்டது என்று யாராவது ஒருத்தர் கேட்டோமா?

சிரிக்காதீர்கள் சார். நான் பி.காம். வாள் உருவுகிற காட்சி வந்தால் மற்றவர்களுக்கு மயிர்க்கூச்செரியும். எனக்கு, ‘இதுக்கெல்லாம் வவுச்சர் எங்கே?’ என்றுதான் தோன்றும். படித்த படிப்பு அப்படி.

தேசிங்கிடம் இருந்தது 350 குதிரை என்று சொல்கிறார்கள். ஒரு குதிரை சராசரி 350 கிலோ என்று வையுங்கள் (நம்மூர்க் குதிரைதானே, அதற்கு மேல் வேண்டாம்). ஒரு நாளைக்குத் தன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு காய்ந்த புல்லாவது அது தின்றாக வேண்டும். அதாவது 7 கிலோ. 350 குதிரைக்கு 2,450 கிலோ. வருஷத்துக்கு 894 டன் சொச்சம்! பச்சைப் புல்லாகப் போட்டால் முக்கால்வாசி தண்ணீர்தான். எடையை நாலால் பெருக்கிக்கொள்ளுங்கள். எதிர்ப் பக்கம் நவாபுக்கு 8,000 குதிரையாம். நாளொன்றுக்கு 56 டன். ஒரு மாட்டு வண்டியில் அரை டன் ஏற்றினாலும் தினம் 112 வண்டி வர வேண்டும். அந்த 112 வண்டியை இழுக்கிற 224 மாட்டுக்குத் தீனி யார் அப்பன் கொடுப்பான்? அது தனி பட்ஜெட்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. இதே செஞ்சியில் கோட்டைக்குள் சிவாஜியின் மகன் ராஜாராம், வெளியே ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான். 1690-ல் ஆரம்பித்த முற்றுகை 1698 வரை இழுத்தது. நடுவில் 1692 கடைசியில் சந்தாஜி, தனாஜி என்று இரண்டு மராட்டியத் தளபதிகள் வந்தார்கள். கோட்டைச் சுவருக்கு உள்ளே நின்று சுட்டுக்கொண்டிருக்கவில்லை. வெளியில் சுற்றி, மொகலாயப் படைக்குச் சாமான் வருகிற பாதையை மறித்தார்கள். அவ்வளவுதான். பீரங்கிக்கு அசையாத ஜுல்பிகர் கான், சாப்பாடு நின்றதும் வந்தவாசிக்குக் கிளம்பிப் போய்விட்டார். குதிரைப் படையை ஜெயிக்க வேண்டுமானால் குதிரையோடு சண்டை போடத் தேவையில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டு என்று சேர்த்துக் கொடுத்ததில் தமிழ்நாட்டுக்கு வந்தது இது ஒன்றுதான். அதிலிருந்து எல்லோரும் போய் ராஜகிரி மேலே ஏறி, மூச்சு வாங்கி, செல்ஃபி எடுத்து, இறங்கி வருகிறார்கள். கீழே கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் நீளநீளமாக வளைவு வைத்த கூடங்கள் இருக்கின்றன. குதிரை லாயம் என்கிறார்கள். அங்கே நின்று யாரும் போட்டோ எடுப்பதில்லை. ஆபீஸில் கேன்டீனைப் படம் எடுக்காமல் மேனேஜர் ரூமைப் படம் எடுக்கிற ஜாதி நாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குதிரைக்கு என்ன போடலாம் என்று பத்துப் பேரைக் கேளுங்கள். ஒன்பது பேர் ‘கொள்ளு’ என்பார்கள். கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும் என்று பழமொழியே இருக்கிறதே! வெள்ளைக்காரனும் அதைப் பார்த்துவிட்டுத்தான் ‘ஹார்ஸ் கிராம்’ என்று பேர் வைத்தான். ஆனால் கொள்ளு, சாயங்காலம் நாம் சாப்பிடுகிற பஜ்ஜி மாதிரி. பஜ்ஜி சாப்பாடாகாது. பத்தாவது ஆள் ‘வைக்கோல்’ என்பார். அங்கேதான் வினையே.

இங்கிலீஷில் ‘ஹே’ என்று ஒன்று, ‘ஸ்ட்ரா’ என்று ஒன்று. ஸ்கூலில் இரண்டுக்கும் வைக்கோல் என்றே அர்த்தம் எழுதி மார்க் வாங்கினோம். இரண்டும் வேறு. ‘ஹே’ என்பது புல். பூ விடுகிற பருவத்தில், விதை முற்றுவதற்கு முன்னாலேயே அறுத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் புரட்டிப் புரட்டிக் காய வைத்த முழுப் புல். சத்தெல்லாம் அதிலேயே இருக்கும். (நன்றாகக் காயாமல் ஈரத்தோடு அடுக்கினால் போர் உள்ளுக்குள்ளேயே சூடாகித் தானே தீப்பிடிக்கும்.) வைக்கோல் அப்படியில்லை. நெல்லை நாம் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் நிற்கிற தாள். சத்தெல்லாம் நெல்லோடு மூட்டையில் போய்விட்டது.

மாடு அதைத் தின்று பால் கறக்கிறதே என்பீர்கள். மாட்டுக்கு வயிறு நாலு அறை. தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டு வந்து சாவகாசமாக அரைக்கிற சௌகரியம் இருக்கிறது. கவர்மென்ட் ஃபைல் மாதிரி, போனது திரும்பி வரும். குதிரைக்கு வயிறு ஒன்றுதான். அதுவும் உடம்புக்குச் சம்பந்தமில்லாத சின்ன வயிறு, மிஞ்சினால் பதினைந்து லிட்டர். உள்ளே போனது போனதுதான். அசை போடாது. அதைவிட முக்கியம், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வேண்டாததைத் தின்றுவிட்டால் வெளியே தள்ள அதற்கு வழி கிடையாது. நெல் வைக்கோலில் மணல் சத்து ஜாஸ்தி. கூடவே ஆக்ஸலேட் என்று ஒன்று. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொஞ்சம் கலந்து போட்டுச் சமாளிப்பதுண்டு. அதையே மூணு வேளையும் போட்டால் குடலில் கட்டிக்கொண்டு உயிருக்கு உலை.

சின்ன வயிறு என்பதால் அது என்ன செய்கிறது தெரியுமா? நாளெல்லாம் தின்கிறது. வெளியில் விட்டால் 14, 16 மணி நேரம் மேயும். தூக்கம் மூணு மணி நேரம்தான். வயிற்றில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். மேலே புல் விழுந்துகொண்டே இருந்தால்தான் புண் வராது. ஆக, கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க, காய்ந்த புல். இதுதான் குதிரைச் சாப்பாடு. நமக்கோ யாரையாவது பிடித்துப் போய்விட்டால் ஒரே வேளையில் இலை நிறையப் போட்டு, போதும் என்று கை மறித்தாலும் இன்னொரு கரண்டி சாய்த்தால்தான் திருப்தி.

இந்தக் குணம் இன்று நேற்று வந்ததல்ல. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். இங்கே ராஜாக்கள் அரபு தேசத்திலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், வருஷம் முடிவதற்குள் பெரும்பாலும் செத்துவிடுகின்றன, காரணம் இவர்களுக்குக் குதிரையைப் பராமரிக்கத் தெரியாது என்று. சோறும் வேகவைத்த கறியும் போடுகிறார்களாம் குதிரைக்கு! ஏறக்குறைய அதே காலத்தில் பாரசீகத்தில் உட்கார்ந்து எழுதின வஸ்ஸாஃப் சொல்கிறார்: வறுத்த பார்லி, வெண்ணெய் போட்ட தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு கவனிப்பு கிடையாது. அத்தனையும் அன்புதான். அத்தனை குதிரையும் குளோஸ்.

வெள்ளைக்காரன் இந்த விஷயத்தில் உஷார். கம்பெனிப் படையில் குதிரைக்குக் குதிரைக்காரன் ஒருத்தன் என்றால், புல் அறுக்க இன்னொரு ஆள். அந்த ஆள் விடிகாலையில் போய் அருகம்புல்லை வேரோடு செதுக்கி, மண்ணை உதறி, தலையில் கட்டி எடுத்து வர வேண்டும். ஆமாம், பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே அதே அருகம்புல்தான். அமெரிக்காவில் தென் பக்கம் இதையே ஏக்கர் கணக்கில் வளர்த்து, அறுத்து, உருட்டி, ‘பெர்முடா கிராஸ்’ என்று குதிரைக்காரர்களுக்கு நல்ல விலைக்கு விற்கிறார்கள். நம் வயல் வரப்பில் களை என்று பிடுங்கி எறிகிற சமாசாரம்!

ஜட்கா வண்டி ஓடின காலத்தில் இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வண்டிக்குள் புல்லைப் பரப்பி, மேலே சாக்கு போட்டு, அதன்மேல் நம்மை உட்கார வைப்பார்கள். நாம் மெத்தை என்று நினைத்தோம். அது குதிரையின் டிபன் பாக்ஸ். ஸ்டேஷனில் நாம் இறங்கினதும் அது சாப்பிடும்.

அந்தத் தலைமுறையின் கடைசி ஆள் ஒருவரைப் போன வைகாசியில் சிங்கவரத்தில் பார்த்தேன். நானும் நண்பர் ஒருவரும் போயிருந்தோம் (வங்கியில் வேலை, பேர் சொன்னால் அன்றைக்கு அவருக்கு வயிற்றுவலி இல்லை என்பது தெரிந்துவிடும்). செஞ்சியிலிருந்து மூணு நாலு கிலோமீட்டர் வடக்கே சின்ன மலை. படியேறிப் போனால் பல்லவர் காலத்துக் குடைவரை. பாறையிலேயே செதுக்கின ரங்கநாதர், நீட்டிப் படுத்திருக்கிறார். தேசிங்கு போருக்கு முன்னால் உத்தரவு கேட்க வந்தபோது, ‘வேண்டாம்’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம் பெருமாள். லீவு லெட்டரை நீட்டினால் எங்கள் பழைய மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்புவார், அதே தினுசு.

இறங்கி வரும்போது, அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த ஒரு நிலத்தில் மூணு குதிரை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகிற குதிரைகளாம். மேய அங்கே ஒன்றுமில்லை. எழுபதைத் தாண்டின பெரியவர் ஒருத்தர், தலையில் துண்டு, ஒரு சாக்குப் புல்லை உதறி உதறிக் குவியல் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணினேன். குதிரை மூணு. குவியல் நாலு.

பி.காம். சும்மா இருக்குமா?

“ஐயா, ஒண்ணு அதிகமா இருக்கே?”

“இருக்கணும் தம்பி. அதோ வெள்ளை நிக்கிதே, அதுதான் பெரிய அதிகாரி. தன்னுதைத் தின்னுகிட்டிருக்கும்போதே பக்கத்துல இருக்கிறதைத் துரத்தும். துரத்துனா அது எங்க போகும்? போறதுக்கு ஒரு எடம் வேணுமில்ல? மூணுக்கு மூணு போட்டா, கடைசியா நிக்கிற சின்னது பட்டினி. நாலு போட்டா சுத்திச் சுத்தி வந்து எல்லாம் தின்னுடும்.”

சங்கீத நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்! ஐந்து குதிரை என்றால் ஆறு குவியல், பத்து என்றால் பதினொன்று. எங்கள் நண்பர் தன் கிளையில் சீலிங் ஃபேன் விஷயத்தில் இதை அமல்படுத்தினால் பாதி சண்டை ஓயும் என்றார். குவியலுக்குக் குவியல் பத்துத் தப்படி தூரம். ஒன்று உதைத்தால் இன்னொன்றுக்கு எட்டக் கூடாது. வேலி மூலையில் போடவே கூடாது, இளைத்தது மாட்டிக்கொண்டால் தப்பிக்க வழியிருக்காது. வாசல் படல் பக்கத்திலும் கூடாது. ஆள் நுழையும்போது எல்லாம் ஒன்றாக முண்டியடித்து வரும், மிதிபடுவது நாம்தான்.

தினம் இடத்தை மாற்றுவாராம். ஒரே இடத்தில் போட்டால் சாணியும் சேறும் சேர்ந்து, அதையும் புல்லோடு தின்னும். மண் மணலாக இருந்தால் பழைய தார்ப்பாயை விரித்து அதன்மேல் போட வேண்டும். புல்லோடு போகிற மணல் குடலின் அடியில் தங்கித் தங்கி, ஒரு நாள் வயிற்றுவலியாக வந்து நிற்கும். வலை மூட்டையில் கட்டித் தொங்கவிட்டால் என்ன என்று கேட்டேன். கட்டலாம், ஆனால் புல் தீர்ந்ததும் வலை துவண்டு கீழே தொங்கும், குளம்பு மாட்டிக்கொள்ளும், அதற்கு மேலே ஏற்றிக் கட்டினால் தூசி கண்ணில் விழும் என்றார். தலையைக் குனிந்து தின்பதுதான் அதற்கு இயற்கை.

புல்லை ஏன் உதறுகிறீர்கள் என்றதற்கு ஒரு பிடியை எடுத்து என் மூக்கில் வைத்தார். லேசான இனிப்பு வாசனை. “இந்த வாசம் இருந்தா போடலாம். முக்கின வாசம் வந்தா, வெள்ளையா பூசணம் பறந்தா தூக்கிக் கடாசிடணும். காசு போச்சேன்னு போட்டா, குதிரைக்கு இழுப்பு வந்துடும்.” தூசி மட்டும்தான் என்றால் தண்ணீர் தெளித்துக் கொடுத்தால் போதுமாம். தண்ணீர் தொட்டி தனியே நிழலில் இருந்தது. காய்ந்த புல் தின்கிற குதிரைக்கு நாளைக்கு முப்பது, நாற்பது லிட்டர் ஆகும். வெயில் காலத்தில் இன்னும் கூட.

இப்படி நான் இலவச டியூஷன் எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான், பக்கத்தில் எங்கேயோ கல்யாணம் முடித்த கோஷ்டி ஒன்று வேனை நிறுத்தியது. பட்டுப் புடவை அம்மாள் ஒருத்தர், கூட இரண்டு பையன்கள், கையில் பெரிய எவர்சில்வர் தூக்கு. மிச்ச சாம்பார் சாதம், மேலே கேசரி.

“பாவம், மாப்பிள்ளையைத் தூக்கின குதிரை. சாப்பிடட்டும்!”

பெரியவர் குறுக்கே போய் நின்றார். “வேணாம்மா.”

“கொண்டாந்ததை வேணாங்கறீங்களே! வாயில்லா ஜீவன்...”

“வாய் இருக்கறதாலதான்மா பயமே. வேற யாருக்கனா குடுங்க. இதுக்கு ஆவாது.”

அம்மாளுக்குக் கோபம். ‘பெரிய ராஜா வீட்டுக் குதிரை’ என்று ஏதோ சொல்லிக்கொண்டே வேனில் ஏறினார். பெரியவர் பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நாங்கள் கேட்காமலே சொன்னார். திண்டிவனம் பக்கம் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தபோது அவரிடம் ஒரு செவலை இருந்ததாம். ஒரு மாட்டுப் பொங்கல். இவர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் தெருவில் ஆளாளுக்கு வந்து பொங்கலை ஊட்டியிருக்கிறார்கள், மாட்டுக்கு மட்டும்தானா, குதிரைக்கும் திருநாள்தானே என்று. ராத்திரி குதிரை தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. காலால் மண்ணைக் கீறியது. படுத்தது, எழுந்தது, புரண்டது. டாக்டர் வந்து சேர்வதற்குள் விடிந்துவிட்டது.

“ஊட்டினவங்க எல்லாம் வந்து அழுதாங்க தம்பி. யாரைத் திட்டறது? எல்லாம் நம்ம ஜனம். குழந்தைங்க வேற.”

நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சோறு உள்ளே போனதும் என்ன நடக்கிறது என்று பிறகு ஒரு கால்நடை மருத்துவரிடம் விசாரித்தேன். குதிரையின் பெருங்குடலில் புல்லைப் புளிக்க வைத்துச் சத்தாக்குகிற நுண்ணுயிர்கள் இருக்கின்றன. திடீரென்று மாவுச் சத்து அண்டாக் கணக்கில் வந்து விழுந்தால் வேறு வகைக் கிருமி பெருகும், வாயு கட்டும், அமிலம் ஏறும். வயிற்றுவலியில் தப்பினாலும் அந்த விஷம் குளம்புக்கு இறங்கி, குதிரை நிற்கவே முடியாமல் போவதுண்டு. புல்லிலேயேகூட ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுவதென்றால் ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் மாற்ற வேண்டுமாம். குதிரை வயிற்றைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தால், சாணி போடாமல் புரண்டால், உடனே எல்லாத் தீனியையும் எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். பெருங்காயம், ஓமம் என்று கை வைத்தியத்தில் இறங்கி மணிக்கணக்கில் தாமதிக்கக் கூடாது.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் தூக்கிவாரிப் போட்டது. கோயில் பக்கத்து நிலங்களில் நாம் கழற்றிப் போடுகிற மாலை. அதில் அரளி இருக்கும். அரளி, காய்ந்தாலும் விஷம் போகாது. ஒரு கைப்பிடி இலை போதும், குதிரையின் இதயம் நின்றுவிடும். காய்ந்த புல்லோடு கலந்துவிட்டால் அதனால் பிரித்துப் பார்க்கவும் முடியாது. பெரியவர் ஒவ்வொரு சாக்கையும் உதறினதில் இதுவும் சேர்த்தி என்று அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவர் உதறிப் பொறுக்கி ஓரமாகப் போட்டதில் ஒரு நைலான் கயிறு, இரண்டு பாலிதீன் பை, ஒரு குர்குரே பாக்கெட் இருந்ததை நானே பார்த்தேன்.

சிங்கவரம் போகிற உத்தேசம் இருந்தால் போய்விட்டு வாருங்கள். வெயில் காலத்துக்கு முன்னால் போனால் பாறை சுடாது. நிலத்தில் குதிரை நின்றால் முதலில் அதன் ஆளைக் கேளுங்கள். சரி என்றால் ஒரு பிடி அருகம்புல், உள்ளங்கையை விரித்து வைத்துக் கொடுக்கலாம். விரலை மடக்கினால் விரலும் போகும். புல்லுக்கு எங்கும் அலைய வேண்டாம். பிள்ளையார் கோயில் வாசலில் பூக்காரம்மாவிடம் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. மாலையாகத் தொடுத்ததை வாங்காதீர்கள், உதிரிக் கட்டாகக் கேளுங்கள். கொடுப்பதற்கு முன்னால் மறக்காமல் ரப்பர் பேண்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளவும்.